உப்புக் காற்றில் பொரியும் கல்

கரிவலம்வந்தநல்லூர் பால்வண்ணநாதர் கோயில் தூண்கள் கருங்கல். உளிக்கு எளிதில் மசியாது. ஆனால் ஒருமுறை செதுக்கிவிட்டால் தலைமுறைகளுக்குக் கவலையில்லை. அதே நெல்லைச் சீமையின் கிழக்கு ஓரத்தில், கடலை ஒட்டி நிற்கும் திருச்செந்தூரில் கதை வேறு. அங்கே முருகனின் பழைய கோயில் மணற்கல்லால் எழுந்தது.

கடற்கரை மணலும் சிப்பித் தூளும் அடுக்கடுக்காகப் படிய, சிப்பியிலிருந்து கரைந்த சுண்ணாம்பு மணிகளை ஒட்டவைத்து இந்தக் கல்லை உருவாக்குகிறது. டெல்லி செங்கோட்டைக்குப் போன விந்திய மணற்கல்லுக்கு வயது நூறு கோடி ஆண்டுக்கும் மேல். அதன் முன் திருச்செந்தூர்க் கல் நேற்றுப் பிறந்த குழந்தை. உடம்பும் அப்படித்தான், மெத்து.

மெத்தென்ற கல் கல்தச்சருக்கு வரம். பக்கத்திலேயே கிடைக்கிறது, வெட்டவும் குடையவும் எளிது. கோயிலுக்கு வடக்கே உள்ள வள்ளி குகை கடலோர மணற்பாறையைக் குடைந்ததுதான். பாறையில் மணிகளுக்கிடையே நுண்ணிய துளைகள் உண்டு. இப்படிப்பட்ட கரைகளில் மழைநீர் உள்ளே இறங்கி, எடை கூடிய உப்புநீரின் மேல் தங்கி நிற்கும். கடலுக்கு அருகிலேயே நாழிக்கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறுவதை அறிவியல் இப்படித்தான் விளக்கும்.

அதே துளைகள்தான் கல்லுக்கு எமன். கடல்காற்றில் வரும் உப்பு ஈரத்தோடு உள்ளே புகுந்து, வெயிலில் காய்ந்து படிகமாகும்போது மணிகளை நெம்பித் தள்ளுகிறது. மழைநீரின் மெல்லிய அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கிறது. முதலில் மேற்பரப்பு பொரியும், பிறகு சிற்பத்தின் மூக்கும் விரலும் உதிரும், கடைசியில் தூணே இளைக்கும்.

காஞ்சியில் எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்ம பல்லவனின் ஆட்கள் இதை உணர்ந்திருக்க வேண்டும். ஈரம் ஏறும் அடித்தளத்துக்குக் கருங்கல், செதுக்க வேண்டிய மேற்பகுதிக்கு மணற்கல் என்று பிரித்துக்கொண்டார்கள். கல்லின் மேல் சுதையும் பூசினார்கள். அப்படியும் அங்கே பல உருவங்கள் தேய்ந்துவிட்டன.

கடலே வாசலில் இருக்கும் திருச்செந்தூருக்கு அந்த உத்தி போதாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோயில் சிதைந்து நின்றபோது மௌனசாமி திருப்பணியைத் தொடங்கினார். காசிசாமி, ஆறுமுகசாமி என்று அடுத்தடுத்து வந்த துறவிகள் ஊர் ஊராகப் பொருள் திரட்டிக் கருங்கல்லை ஏற்றினார்கள். குடமுழுக்கு நடந்தது 1941இல். இன்று பக்தர்கள் வலம்வருவது பெரும்பாலும் அந்தக் கருங்கல் கோயிலைத்தான். பழைய மணற்கல்லைத் தொட்டுப் பார்க்க நினைப்பவர் வள்ளி குகைக்குப் போகவேண்டும். தூணை மாற்றலாம், பாறையை மாற்ற முடியாதே.