முதுகுக்கு ஒரு தலையணை

வீட்டில் சைக்கிள் ஒன்று இருந்தால் இந்த விஷயம் உங்களுக்குப் புதிதல்ல. அப்பா ஓட்டிவிட்டு வைத்த சைக்கிளை மகன் எடுக்கிறான். கால் எட்டவில்லை. சீட்டுக்குக் கீழே உள்ள நட்டைத் தளர்த்தி, சீட்டை இறக்கிக்கொள்கிறான். சரியாக முறுக்காமல் விட்டால் பாதி வழியில் சீட் ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். இறங்கி, மறுபடி முறுக்கிக்கொண்டு போகலாம். ஆகாயத்தில் இறங்கி முறுக்க முடியுமா?

ஆம், ஆகாய விமானத்தைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். அதுவும் தொழிற்சாலையில் செய்ததன்று. வேலை முடிந்த மாலை நேரங்களில், வீட்டுக் கொட்டகையில் ஒருவர் தம் கையாலேயே கட்டும் சின்ன விமானம். அமெரிக்காவில் இது பழைய பழக்கம். 1953ஆம் ஆண்டிலேயே மில்வாக்கி நகரில் இப்படிப்பட்டவர்கள் கூடிச் சங்கம் அமைத்துவிட்டார்கள். வரைபடத்தையோ, பாகங்கள் அடங்கிய பெட்டியையோ விலைக்கு வாங்கலாம். ஆனால் பாதிக்கு மேற்பட்ட வேலையைச் சொந்தமாகக் கட்டுகிறவர்களே செய்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி.

கட்டுகிறவருக்கு இறக்கையைப் பற்றியும் என்ஜினைப் பற்றியும் கவலை அதிகம். இருக்கைதானே, உட்கார்ந்தால் போதாதா என்று தோன்றும். போதாது. விமானம் ஓட்டுகிறவரின் இரண்டு பாதங்களும் சுக்கானைத் திருப்பும் மிதிகளில் இருக்க வேண்டும். கை பிடியில் இருக்க வேண்டும். கண்ணுக்கு முன்புறம் தெரிய வேண்டும். நெட்டையானவர் தம் அளவுக்குக் கட்டிய விமானத்தைக் குட்டையானவர் வாங்கினால் என்ன ஆகும்?

ஜான் டென்வர் என்ற அமெரிக்கப் பாடகரை வானொலியில் கேட்டிருப்பீர்கள். 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவம் உள்ளவர். 1997இல் அவர் 'லாங்-ஈஇசட்' என்னும் விமானத்தை வாங்கினார். வேறொருவர் வீட்டில் கட்டியது. அதன் இருக்கை உடற்பகுதியோடு சேர்ந்தே அமைந்தது; முன்னே பின்னே நகராது. மிதிகள் எட்டாததால் அவர் முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துக்கொண்டார். நம் லாரிக்காரர்களும் செய்வதுதான், அதில் குற்றமில்லை. ஆனால் அந்த விமானத்தில் எண்ணெய்த் தொட்டியை மாற்றும் கைப்பிடி, கட்டியவரின் விருப்பப்படி, ஓட்டுகிறவரின் இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. மூல வரைபடத்தில் அது கால்களுக்கு நடுவில் இருக்க வேண்டியது. தலையணை அவரை முன்னே தள்ளத் தள்ள, கைப்பிடி இன்னும் பின்னே போயிற்று. குறடு ஒன்றை மாட்டிக் கைப்பிடியை நீட்டிப் பார்த்தார்கள், அதுவும் உதவவில்லை. எண்ணெய் நிரப்பவும் அவர் வேண்டாம் என்றுவிட்டார்.

அக்டோபர் 12ஆம் தேதி, கலிபோர்னியாவின் மான்டரே குடாவுக்கு மேலே, சில நூறு அடி உயரத்திலிருந்து அந்த விமானம் கடலில் விழுந்தது. அவருக்கு வயது 53. விசாரணை செய்தவர்கள் அதே மாதிரி விமானத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். பின்னால் உள்ள கைப்பிடிக்காக உடம்பை இடப்பக்கம் திருப்பினால், வலது கால் தானாகவே வலது மிதியை அழுத்துகிறது! எண்ணெய் போடாமல் கிளம்பியதும், புது விமானத்தில் போதிய பழக்கம் இல்லாததும் காரணங்களே. தலையணை மட்டும் கொன்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் அந்தத் தலையணையை என்னால் மறக்க முடியவில்லை.

அப்படியானால் நகரும் இருக்கை வைத்துவிடலாமே என்பீர்கள். வைக்கிறார்கள். சிலர் முதுகுச் சாய்மானத்தைத் தரையில் கீல் வைத்துப் பொருத்துகிறார்கள். ஊசியை உருவி, முன் கீலுக்கோ பின் கீலுக்கோ மாற்றிக்கொள்ளலாம். சிலர் இரண்டு சிறு தண்டவாளங்கள் போட்டு இருக்கையை அதன்மேல் ஓடவிடுகிறார்கள். தண்டவாளத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும். ஸ்பிரிங் வைத்த முளை ஒரு துளையில் விழுந்தால் பூட்டு.

ஆபத்து இந்தப் பூட்டில்தான். துளை தேய்ந்துவிட்டாலும், முளை பாதி மட்டும் இறங்கினாலும் இருக்கை நிற்பதுபோல் பாசாங்கு செய்யும். ஓடுபாதையில் வேகமெடுத்து மூக்கு மேலே தூக்கும்போது சரேலென்று பின்னே ஓடும். விழப்போகிறவன் கையில் கிடைத்ததைப் பிடிப்பான் அல்லவா? ஓட்டுகிறவர் கையில் இருப்பது விமானத்தின் பிடி. அதைப் பிடித்து இழுத்தால் மூக்கு இன்னும் மேலே போகும். வேகம் குறைந்து விமானம் விழும். தொழிற்சாலையில் செய்த செஸ்னா விமானங்களிலேயே இது நடந்தது. 1987இல் அமெரிக்க விமானத்துறை, அவற்றின் இருக்கைத் தண்டவாளங்களைத் தவறாமல் சோதிக்க வேண்டுமென்று கட்டளை போட்டது. ஆகையால் விவரம் தெரிந்தவர்கள் தண்டவாளத்தின் இரு முனையிலும் தடுப்பு வைப்பார்கள். இடுப்புப் பட்டியை இருக்கையில் மாட்டாமல் விமானத்தின் சட்டத்திலேயே போல்ட் போட்டு இறுக்குகிறவர்களும் உண்டு. பூட்டு விட்டாலும் பட்டி விடாது.

இன்னொன்று, எடை. காண்டாக் கம்பில் பால் வாளி சுமந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கம்பு தோளில் நான்கு விரல் நகர்ந்தால் நடை மாறிவிடும். 600 கிலோ விமானத்தில் 80 கிலோ மனிதர் 10 சென்டிமீட்டர் பின்னே நகர்ந்தால், முழு விமானத்தின் எடை மையம் 1.3 சென்டிமீட்டர் பின்னே போகிறது. அற்பம்தானே என்று எண்ணாதீர்கள். பல சிறு விமானங்களில் அந்த மையம் ஏறக்குறைய ஒரு சாண் தூரத்துக்குள்தான் இருக்கலாம். அதனால் இருக்கையை முன்தள்ளி ஒரு கணக்கு, பின்தள்ளி ஒரு கணக்கு.

இத்தனையும் முடித்த பிறகு கொட்டகையிலேயே ஒரு சோதனை உண்டு. 'க்ளிக்' என்ற சத்தத்தை மட்டும் நம்பாமல், காலை ஊன்றி முதுகால் பலங்கொண்ட மட்டும் பின்னே தள்ளிப் பார்க்க வேண்டும். பிறகு பட்டியை இறுக்கிக்கொண்டு, கண்ணை மூடி, ஒவ்வொரு கைப்பிடியையும் தொட வேண்டும். கட்டியவர் தொட்டால் போதாது; அந்த விமானத்தை ஓட்டப் போகும் மனைவியும் உட்கார்ந்து தொட வேண்டும். ஒன்று எட்டவில்லையா? இறங்கி, ஸ்பேனரை மறுபடி எடுக்க வேண்டியதுதான்.