காயமுற்ற கைகளுக்கு நீதி

உத்திரமேரூர் என்றதும் குடவோலைக் கல்வெட்டு நம் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தகன் காலத்திலேயே ஊராட்சி விதிகளைக் கல்லில் பொறித்த ஊர் அது. அவ்வட்டத்து மதூர்க் கல்குவாரியில் 2021 பிப்ரவரியில் பாறை சரிந்து உயிர்ப்பலி நேர்ந்தது. கல்லுடைத்துப் பிழைப்போரைக் காக்கவும் சட்டம் உண்டென்பதை நம்மில் எத்தனை குடும்பங்கள் அறியும்?

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல் பிறந்தது. முதலாளியின் தவறை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நேர்ந்தாலே ஈடு உரியதாகும். ஒப்பந்தக்காரர் அழைத்து வந்தவருக்கும் முதன்மை முதலாளி பொறுப்பாவார். 2025 நவம்பர் 21 முதல் இவ்வுரிமைகள் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளன. வேலைக்குச் சென்று திரும்பும் வழியில் நேரும் விபத்தும், பணியோடு தொடர்புடையதாயின், அதில் அடங்கும்.

ஆயினும் குறை தீர்ந்தபாடில்லை. ஈட்டைக் கணக்கிடுவதற்கான மாத ஊதிய உச்சவரம்பு 2010 முதல் 8,000 ரூபாயாகவே நின்று, 2020இல்தான் 15,000 ஆயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளின் விலைவாசி உயர்வை ஊனமுற்றோரும் கைம்பெண்களுமே சுமந்தனர். இனியேனும் இவ்வரம்பு விலைவாசியோடு ஆண்டுதோறும் உயர வேண்டும். "இவர் எம்மிடம் வேலை செய்யவில்லை" என்று கைவிரிக்க இடமின்றி, பணி நியமனக் கடிதம் குவாரித் தொழிலாளியின் கைக்கும் வந்து சேர வேண்டும்.

பணியிட விபத்துக்குக் காப்பீடு பெறுவது உழைப்பாளியின் உரிமை என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் எடுத்துரைத்தார். காயமுற்றவர் வீட்டுக்கு அரிசி கொடுத்தல் நன்று. மருத்துவச் சீட்டு, கூலிச் சான்று, உடன் உழைத்தோர் சாட்சியம் ஆகியவற்றைத் திரட்டி, மனு எழுதிக் கொடுத்து, அதிகாரி முன் துணைநிற்றல் அதனினும் நன்று. நம் பங்குக் குடும்பங்கள் இதனைச் செய்ய முன்வருமா?