குடியிருக்கும் வீட்டை விலைக்கு வாங்குதல்

பிழைப்பை நாடி மும்பை, தில்லி, கொல்கத்தா, பெங்களூர் முதலிய நகரங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இருபது முப்பது ஆண்டுகள் ஒரே வாடகை வீட்டில் வாழ்ந்தவர்கள் உண்டு. பிள்ளைகள் அங்கேயே வளர்ந்திருப்பார்கள். பள்ளிக்கூடமும் கோயிலும், பச்சரிசியும் வாழையிலையும் கிடைக்கும் கடையும் நடந்து போகும் தொலைவில் அமைந்திருக்கும். ஒருநாள் வீட்டுக்காரரோ, அவர் காலமான பின் அவருடைய மகனோ வந்து, "வீட்டை விற்பதாக இருக்கிறோம், நீங்களே எடுத்துக்கொள்ளலாமே" என்று சொல்வார். அந்தச் சொல்லில் மகிழ்ச்சியும் உண்டு, கலக்கமும் உண்டு. வாங்காவிட்டால் வீட்டை விட்டுப் போக நேருமோ என்ற அச்சத்தில், வேறொரு வீட்டை வாங்கும்போது கேட்டிருக்கக்கூடிய கேள்விகளைக்கூடக் கேளாமல் பலர் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள்.

அந்த அச்சத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுவோம். வாடகைதாரருக்கு வீட்டை முதலில் விலை பேசும் உரிமை நம் நாட்டுச் சட்டத்தில் பொதுவாக இல்லை. சொந்தக்காரர் தமக்கு விருப்பமானவருக்கு விற்கலாம். ஆனால் விற்பனையால் மட்டும் வாடகைதாரரின் குடியிருப்பு முடிந்துவிடாது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, புதிதாக வாங்கியவர் பழைய சொந்தக்காரரின் இடத்தில் வந்து நிற்கிறார். வாடகையை அவருக்குச் செலுத்தவேண்டும், அவ்வளவுதான். வெளியேற்றவேண்டுமாயின் அவரும் ஒப்பந்தத்தின்படியோ, அந்தந்த மாநில வாடகைச் சட்டத்தின்படியோதான் நடக்கவேண்டும். ஆகவே, "வாங்குங்கள், இல்லையேல் அடுத்த மாதமே காலி செய்யுங்கள்" என்ற சொல்லுக்குப் பெரும்பாலும் சட்டத்தின் வலு கிடையாது.

இதிலிருந்துதான் விலைப்பேச்சு தொடங்குகிறது. குடியிருப்பவர் உள்ள வீட்டை வெளியார் முழு விலை கொடுத்து வாங்கத் தயங்குவர். காலி செய்விக்க எத்தனை ஆண்டு ஆகுமோ, எத்தனை வழக்கு நடத்தவேண்டுமோ என்று கணக்கிட்டு விலையைக் குறைத்தே கேட்பர். குடியிருப்பவருக்கோ அந்தத் தொல்லை இல்லை. ஆகையால் காலி வீட்டின் விலைக்கும் ஆள் இருக்கும் வீட்டின் விலைக்கும் நடுவில் எங்கேனும் ஓரிடத்தில் இருவருக்கும் ஆதாயமான விலை அமையும். தரகுக்கூலியும் இல்லை. பக்கத்து வீடு என்ன விலைக்குப் போயிற்று என்று சொந்தக்காரர் சொன்னால், அது காலியாக இருந்த வீடா என்று அமைதியாக ஒரு கேள்வி கேட்பதில் தவறில்லை.

அடுத்தது, விற்பவர் யார் என்பது. "முப்பது வருஷமாக வாடகை கொடுக்கிறோம், அவரைத் தெரியாதா?" என்பார்கள். வாடகை வாங்குவதற்கு வேண்டிய உரிமை வேறு. விற்பதற்கு வேண்டிய உரிமை வேறு. குடியேறியபோது ஒருவரைச் சொந்தக்காரராக ஏற்றுக்கொண்ட வாடகைதாரர் பின்னர் அவருடைய உரிமையை மறுத்துப் பேச முடியாது என்பது சாட்சியச் சட்டம். அந்த விதி வாடகைதாரரைக் கட்டுப்படுத்துமே தவிர, சொந்தக்காரரின் சகோதரியைக் கட்டுப்படுத்தாது. தந்தை உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், வாடகை வசூலிக்க வரும் மகன் பல வாரிசுகளில் ஒருவர் மட்டுமே. 2005-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்திற்குப் பிறகு, கூட்டுக்குடும்பச் சொத்திலும் மகளுக்கு மகனோடு ஒத்த பங்கு உண்டு. நாசிக்கிலும் நியூஜெர்ஸியிலும் இருக்கும் சகோதரிகள் கையெழுத்திடாத கிரயப் பத்திரம், விற்ற சகோதரனின் பங்கை மட்டுமே வாங்கித் தரும்.

மூலப் பத்திரங்களைப் பார்க்கவேண்டும், நகல் போதாது. முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றும் பெறவேண்டும். ஆயினும் வில்லங்கச் சான்றில் எல்லாம் வந்துவிடும் என்று நம்பிவிடக்கூடாது. பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துப் பெறும் கடன் பதிவாகாமலே இருக்கலாம். அத்தகைய அடமானங்களைக் குறித்துவைக்க 2011-ஆம் ஆண்டில் செர்சாய் என்னும் மத்தியப் பதிவகம் ஏற்பட்டது. சிறு கட்டணம் செலுத்தி எவரும் அதில் தேடிப் பார்க்கலாம்.

நம்மவர்க்கென்று தனியே ஒரு தொல்லையும் உண்டு. பத்திரம் மராத்தியிலோ, கன்னடத்திலோ, வங்காளியிலோ எழுதப்படுகிறது. பேச்சு மொழி நன்றாகவே வரும். பத்திர மொழியோ அவ்வூர்க்காரருக்கே புரியாது. கையெழுத்திடுவதற்கு முன் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பை எழுத்தில் வாங்கிப் படிக்கவேண்டும். அந்தச் செலவு வீட்டு விலையில் ஒரு துளிகூட ஆகாது.

இனி, இத்தகைய கிரயத்தில் மிகுதியான சிக்கல் விளையும் இடத்திற்கு வருவோம். கிரய ஒப்பந்தம் எழுதி முன்பணம் கொடுத்த நாளுக்கும் கிரயப் பத்திரம் பதிவாகும் நாளுக்கும் இடையே சில மாதங்கள் கழியும். அந்த மாதங்களில் நீங்கள் யார்? வாடகைதாரரா, வாங்குபவரா? வாடகை கொடுக்கவேண்டுமா?

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவுடன் வீடு நமதாகிவிட்டது என்று எண்ணி வாடகையை நிறுத்துவோர் உண்டு. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்து பதிவு செய்த பத்திரத்தால்தான் கைமாறும். ஒப்பந்தம் உரிமையைத் தராது. இந்தக் கேள்வி உச்சநீதிமன்றத்திற்கே பலமுறை சென்றிருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் முடிவான ஒரு வழக்கில், விலையில் பெரும்பகுதியைப் பெற்றுக்கொண்டு, வாங்குபவர் என்ற நிலையிலேயே வீட்டை அவர் வசம் விட்டதால், வாடகை உறவு அற்றுப்போயிற்று என்று நீதிமன்றம் கண்டது. 2019-ஆம் ஆண்டில் வந்த வேறொரு வழக்கிலோ, ஒப்பந்தத்தில் அப்படி ஒரு சொல்லும் இல்லாததால் வாடகைதாரர் வாடகைதாரராகவே நீடிக்கிறார் என்று தீர்ப்பாயிற்று. இரண்டுக்கும் வேற்றுமை ஒப்பந்தத்தின் வாசகத்தில்தான். இருதரப்பார் கருத்தும் அதில் தெளிவாக எழுதப்படவேண்டும். எழுதப்படாதவரை மாதந்தோறும் வாடகையைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டே வருவது நல்லது. வாடகையை நிறுத்திவிட்டுக் கிரயமும் முறிந்துபோனால், பாக்கிக்காக வெளியேற்றும் வழக்குக்கு நாமே வழி திறந்துவிட்டவர் ஆவோம்.

வாடகை உறவு முடிந்துவிட்டதாக எழுதிக்கொள்வது நல்லதுதானே என்று நேயர்கள் கேட்கலாம். அதற்கும் ஒரு விலை உண்டு. கிரயம் முறிந்தால், வாடகைச் சட்டம் தந்த பாதுகாப்பும் உடன் போய்விடும். மஹாராஷ்டிரத்தில் முத்திரைத் தீர்வை என்ற சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. அம்மாநிலச் சட்டப்படி, வீட்டின் வசத்தையும் தரும் கிரய ஒப்பந்தத்திற்குக் கிரயப் பத்திரத்திற்குரிய முழுத் தீர்வையும் செலுத்தவேண்டும். ரத்னகிரி மாவட்டத்தில் தாம் குடியிருந்த வீட்டையே வாங்க ஒப்பந்தம் செய்துகொண்ட ஒருவர், "நான் வாடகைதாரராகத்தான் முன்பே உள்ளே இருந்தேன், ஒப்பந்தத்தால் வசம் வரவில்லை" என்று வாதாடினார். 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சொத்துக்குரிய தீர்வையும், அதன்மேல் தண்டத் தொகையும் அவர் தலையில் விழுந்தன. தீர்வை செலுத்தாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே வழக்கு அங்கேயே நின்றுபோகும். வேறு சில மாநிலங்களிலும் இதையொத்த விதி உண்டு. பதிவு நடக்கும்வரை வாடகைதாரராகவே வீட்டில் இருப்பதாக ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதிக்கொள்வதே பெரும்பாலோர்க்குப் பாதுகாப்பான வழி என்பது எம் கருத்து. முத்திரைத் தீர்வை பற்றி உள்ளூர் வழக்கறிஞரிடம் கேட்டபின் அதை முடிவு செய்யவேண்டும்.

ஒப்பந்தத்தில் பத்திரம் முடிக்கவேண்டிய தேதியும் இருக்கவேண்டும். அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரும்படி வழக்குத் தொடுக்கலாம், அதன்பின் முடியாது. 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு இவ்வழக்குகளில் வாங்குபவரின் கை வலுத்திருக்கிறது. ஆனாலும் பணத்தோடு ஆயத்தமாக இருந்ததாக அவர் காட்டியாகவேண்டும். "வீட்டில்தானே இருக்கிறோம், எங்கே போய்விடும்" என்று ஐந்தாறு ஆண்டு வாளாவிருப்பவர்கள் குடியிருக்கும் வாங்குவோரிலேயே அதிகம்.

ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. மும்பையின் மாட்டுங்கா, தாதர் பகுதிப் பழைய கட்டடங்களில் பக்டி முறை இருக்கிறது. 1947-ஆம் ஆண்டுப் பம்பாய் வாடகைச் சட்டம் வாடகையை 1940 செப்டம்பர் அளவில் நிறுத்திவைத்தது. வாடகை உயராது என்றானபின், சொந்தக்காரர்கள் குடியேறும்போதே ஒரு பெருந்தொகையை வாங்கத் தலைப்பட்டனர், அதுவே பக்டி. 1999-ஆம் ஆண்டு மஹாராஷ்டிர வாடகைச் சட்டம் அதைச் சட்டத்திற்கு உட்பட்டதாக்கிற்று. பக்டி வீட்டுக்காரர் ஏறக்குறைய சொந்தக்காரர்போல் வாழ்கிறார், ஆனால் நிலம் அவருடையதன்று. அந்த ஓர் அறையை மட்டும் விலைக்கு வாங்குவதாயின், நிலத்தில் தமக்குள்ள பங்கு என்ன என்பது பத்திரத்தில் வரவேண்டும். இல்லையேல் கட்டடம் இடிந்த மறுநாள் கையில் இருப்பது காற்றுதான்.

அங்கே எல்லாரும் சேர்ந்து வாங்கும் ஒரு வழியையும் சட்டம் வகுத்தது. 1986-இல் வீட்டுவசதிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட ஓர் அத்தியாயத்தின்படி, செஸ் வரி செலுத்தும் பழைய கட்டடத்தில் குடியிருப்போரில் 70 விழுக்காட்டினர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து விண்ணப்பித்தால், அரசு அக்கட்டடத்தை எடுத்துச் சங்கத்திற்குத் தரலாம். சொந்தக்காரருக்குத் தொகை, மாத வாடகையின் நூறு மடங்கு! மாதம் 200 ரூபாய் வாடகை தரும் குடித்தனத்திற்கு 20,000 ரூபாய் என்றாகிறது. சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர்கள் தொடுத்த வழக்கு முப்பது ஆண்டுக்கு மேல் நடந்து, 2024 நவம்பர் 5-ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வின் தீர்ப்பை எட்டிற்று. தனியார் சொத்து எல்லாமே சமுதாயத்தின் பொருள்வளம் ஆகிவிடாது என்று பெரும்பான்மையோர் கூறினர். ஆகவே நூறு மடங்குக் கணக்கை நம்பி விலைபேச வரும் சொந்தக்காரரைத் திருப்பி அனுப்புவது உசிதமன்று. பழைய கட்டடத்தைப் புதுப்பித்துக் கட்டும்போது குடியிருப்போருக்குக் குறைந்தது 300 சதுர அடி வீடு சொந்தமாகக் கிடைக்கும் விதியும் இருக்கிறது. அதை எதிர்பார்க்கும் கட்டடத்தில் அதிக விலை கொடுப்பதா, காத்திருப்பதா என்பது அவரவர் வயதையும் கட்டடத்தின் வயதையும் பொறுத்தது.

பெங்களூரில் வாடகைக்கு மாறாகப் பெருந்தொகை ஒன்றைக் கொடுத்துப் போக்கியத்திற்கு இருப்போர் பலர். அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொள்வதாயின் பத்திரத்தில் எழுத்தாலும் எண்ணாலும் அது வரவேண்டும். பழைய போக்கியத்தாள் பதிவாகாத வெறுங்காகிதமாகவே பெரும்பாலும் இருக்கும். வீட்டின் காத்தா எவ்வகையைச் சேர்ந்தது என்பதும் முக்கியம். பி-காத்தா வீட்டிற்கு வங்கிகள் கடன் தரத் தயங்குகின்றன.

தில்லியில் கிரயப் பத்திரம் இல்லாமலே, பொது அதிகாரப் பத்திரம், ஒப்பந்தம், உயில் என்ற மூன்று தாள்களால் வீடு விற்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அதனால் உரிமை மாறாது என்று 2011 அக்டோபரில் உச்சநீதிமன்றம் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. உங்கள் சொந்தக்காரரே அப்படி வாங்கியவராக இருந்தால், முதலில் அவர் தம் உரிமையைச் சரிசெய்துகொள்ளட்டும். கொல்கத்தாவில் தீகா நிலத்து வீடாயின், நிலம் 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசைச் சேர்ந்துவிட்டது. அதை விற்க எவராலும் இயலாது.

பணக்கணக்கைச் சுருக்கமாகப் பார்ப்போம். விலை 60 லட்சம் என வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்திற்கு மேல் 75 லட்சம் வரையிலான கடன்களில், வீட்டு மதிப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் வங்கி தராது. அதாவது 48 லட்சம். மிச்சம் 12 லட்சம் கைப்பணம். முத்திரைத் தீர்வை 6 விழுக்காடு எனக் கொண்டால் 3,60,000 ரூபாய். பதிவுக் கட்டணம் வேறு. தில்லியிலும் மஹாராஷ்டிரத்திலும் பெண்கள் பெயரில் வாங்கினால் தீர்வையில் சலுகை உண்டு. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ ஆனால், வாங்குபவரே 1 விழுக்காடு, இங்கே 60,000 ரூபாய், வருமான வரியாகப் பிடித்துச் செலுத்தவேண்டும். சொந்தக்காரர் வெளிநாட்டில் வாழ்பவராயின் அந்த ஒரு விழுக்காட்டுக் கணக்கு பொருந்தாது. மிக அதிக விகிதம் உண்டு. பிடிக்கத் தவறினால் பொறுப்பு வாங்கியவர் தலையில்தான். முன்பணத்தில் 20,000 ரூபாயோ மேலோ ரொக்கமாகக் கைமாறக்கூடாது என்பதும் 2015 முதல் சட்டம். எத்தனை வற்புறுத்தினாலும் வங்கி வழியாகவே கொடுக்கவேண்டும்.

பதிவு நாளன்று வாடகைக் கணக்கையும் முடித்துக்கொள்ளவேண்டும். குடியேறியபோது கொடுத்த முன்வைப்புத் தொகை பலருக்கு மறந்தே போயிருக்கும். அது விலையில் கழிக்கப்பட்டதா, திருப்பித் தரப்பட்டதா என்பது பத்திரத்திலேயே இருக்கட்டும். வாடகை பாக்கி ஏதுமில்லை என்று ஒரு வரியும் வேண்டும். சொந்தக்காரருக்கும் உங்களுக்கும் இடையே வாடகை நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால், அதை முடித்துக்கொண்டதற்கான ஆணையின் நகலைப் பெற்றபின் பணத்தின் கடைசிப் பகுதியைக் கொடுப்பது நலம். பதிவானதும் இரு உரிமைகளும் ஒருவரிடமே சேர்ந்துவிடுவதால் வாடகை உறவு தானாகவே மறைகிறது. தனியே காலி செய்த பத்திரம் வேண்டியதில்லை. அதன்பிறகு நகராட்சி வரிப் பதிவேடு, மின் இணைப்பு, கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சான்று ஆகியவற்றில் பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பிக்கலாம். பழைய வாடகை ரசீதுகளை மட்டும் எறிந்துவிடாமல் மூலப் பத்திரத்தோடு கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.