கோடையும் பாதமும்

கோடை வந்தால் குடையைத் தேடும் நாம் பாதங்களை மறந்துவிடுகிறோம். நண்பகல் வெயிலில் தார்ச்சாலை 60 டிகிரி செல்சியஸ் வரைகூடச் சூடேறும்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். என் தேர்வுக் கட்டணத்திற்காகப் புதுச் செருப்பு வாங்காத தந்தையார், சென்ற சித்திரையில் வெறுங்காலுடன் சந்தைக்குச் சென்று வந்தார். உள்ளங்கால் கொப்பளித்ததை அவர் உணரவில்லை, அம்மாதான் கண்டார். நீரிழிவு பாத நரம்புகளைத் தாக்கி உணர்ச்சியை மழுங்கச் செய்யும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

மூடிய பிளாஸ்டிக் காலணியில் வியர்வை தேங்கி விரலிடுக்கில் பூஞ்சை படரும். தேய்ந்த ரப்பர் செருப்பு குதிகாலைத் தாங்காது. காற்றோட்டமும் பின்வாரும் உள்ள செருப்பே கோடைக்கு ஏற்றது. உணர்விழந்த பாதங்களுக்கு எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பு நல்லது.

நண்பர்களே! நம்மைப் படிக்க வைக்க நடந்த பாதங்களை இவ்விடுமுறையில் ஒருமுறை குனிந்து பாருங்கள்!