மேற்படி எழுதும் கணக்கப்பிள்ளை

கும்பகோணத்து வாசகர் ஒருவரின் கடிதம் ஒரு வாரமாக என் மேஜைமேல் கிடக்கிறது. தம் தங்கையின் கல்யாணத்தைத் தம்முடைய கைபேசியிலேயே பிடித்ததாகவும், அதில் பார்க்கும்போது மாங்கல்யத்தின் முடிச்சுக்கூடத் தெளிவாகத் தெரிந்ததாகவும், அதையே இணையத்தில் ஏற்றி வெளியூர் உறவினர்களுக்குக் காட்டியபோது, சரியாக அட்சதை விழுகிற கணத்தில் மணமக்கள் முகம் இரண்டும் புதுப்புனல் வந்த காவிரியைப்போல் கலங்கிவிட்டதாகவும் எழுதி, படத்தை மெருகேற்றித் தருவதாக விளம்பரம் செய்யும் செயற்கை அறிவு மென்பொருள்களில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார். ஒன்றையும் வாங்க வேண்டாம் என்பதே என் பதில். ஆயினும், மற்ற நேரமெல்லாம் நன்றாயிருந்த படம் அட்சதையின்போது மட்டும் கலங்கியது என்று அவர் போகிற போக்கில் கவனித்துச் சொல்லியிருக்கும் விஷயம் அத்தனை ருசிகரமானது. பதிலை ஒரு வரியில் முடிக்க மனம் வரவில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் கொண்ட படமொன்றில் இருபது லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட புள்ளிகள் இருக்கின்றன. புள்ளிக்கு மூன்று பைட் வீதம், வினாடிக்கு 25 படங்கள் எனக் கொண்டால், உள்ளதை உள்ளபடி எழுதிவைக்க வினாடிக்கு ஏறத்தாழ 155 மெகாபைட் வேண்டும். ஒரு மணி நேர வைபவத்துக்கு 560 ஜிகாபைட். இந்த அளவுள்ள படத்தை ஏற்றுவதற்கு யூடியூப் சிபாரிசு செய்வதோ வினாடிக்கு 8 மெகாபிட், அதாவது ஒரே ஒரு மெகாபைட். ஏற்றியதையும் தளம் தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கித்தான் பார்ப்பவருக்கு அனுப்புகிறது. நூற்றைம்பத்தைந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் எறிந்த பிறகும் மாங்கல்ய முடிச்சு தெரிகிறதென்றால், எப்படி என்றுதானே முதலில் கேட்க வேண்டும்?

பழைய கடைப் பேரேடுகளைப் புரட்டியவர்களுக்கு அந்த யுக்தி பரிச்சயமானது. ஒரே சரக்கு, ஒரே ஊர், ஒரே ஆசாமி என்று வரிசையாக வரும்போது, கணக்கப்பிள்ளை முழு விவரத்தையும் திரும்பத் திரும்ப எழுதிக் கையை நோகடித்துக்கொள்ள மாட்டார். ‘௸’ என்று ஒரு சுழி சுழிப்பார், மேற்படி என்று அர்த்தம். வீடியோவைச் சுருக்கும் நிரலும் முதற் படத்தை முழுமையாக எழுதிக்கொண்டு, அடுத்த படத்தைப் பதினாறுக்குப் பதினாறு புள்ளி என்பதுபோன்ற சிறு கட்டங்களாக வகுத்து, ஒவ்வொரு கட்டமும் முந்தின படத்தில் எங்கே இருந்தது என்று தேடிப் பார்க்கிறது. மணமேடைக்குப் பின்னால் தொங்கும் பட்டுத்திரை அசையவில்லை: மேற்படி. நாகஸ்வரக்காரர் தலையைச் சற்றே சாய்த்தார்: மேற்படி, ஆனால் வலப்பக்கம் மூன்றேகால் புள்ளி தள்ளி. இந்தக் கால் நான் அலங்காரத்துக்குச் சேர்த்ததன்று. 2003-இல் வந்து இன்றும் பெருவழக்காக உள்ள எச்.264 என்னும் முறை, கட்டத்தின் நகர்ச்சியைக் கால் புள்ளித் துல்லியத்தில் அளக்கிறது.

இவர் சாமானியக் கணக்கப்பிள்ளையும் அல்லர். நாளைய வரவு செலவை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, இன்றைய கணக்கை ‘நேற்றைக்கும் நாளைக்கும் நடுவில்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிற அளவுக்குத் துணிச்சல்காரர். கடைக் கணக்கில் இப்படிச் செய்திருந்தால் வருமான வரி அதிகாரிகள் அன்றைக்கே கடையைச் சீல் வைத்திருப்பார்கள். ஆயினும், நடுவிலிருந்து பார்க்கத் தொடங்குபவருக்கு எதன் மேற்படி என்று தெரிய வேண்டுமே என்கிற தர்மசிந்தனையில், சில வினாடிகளுக்கொரு முறை புதுப் பக்கம் திருப்பி எல்லாவற்றையும் முழுமையாக எழுதிவிடுகிறார்.

மேற்படியில் அடங்காத மிச்சத்தை எழுதுவதற்கும் ஒரு சிக்கனம் உண்டு. எட்டுக்கு எட்டாக 64 புள்ளிகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் பொதுச் சாயல் எவ்வளவு, அதன்மேல் மெதுவான ஏற்ற இறக்கம் எவ்வளவு, நெருக்கமான வரிகள் எவ்வளவு என்று 64 தரங்களாகப் பிரித்துவிட்டால், கண்ணுக்கு அதிகம் உறைக்காத நுண்தரங்களைக் கடைசியிலிருந்து கழித்துக்கொண்டே வரலாம். வினாடிக்கு இத்தனை மெகாபிட் என்று முதலாளி அளந்து கொடுத்திருக்கும் காகிதம் தாராளமாயிருந்தால் கணக்கப்பிள்ளை கொஞ்சம் கழிப்பார். தட்டுப்பாடானால் பொதுச் சாயல் ஒன்றை மட்டும் மிச்சம் வைப்பார். அப்போது கட்டம் முழுவதும் ஒரே நிறமாகி, முகம் தளக்கல் பதித்த சுவராகிவிடுகிறது.

சரித்திரம் வேண்டுவோர்க்கு ஒரு பாரா. இந்தத் தரப்பிரிப்பை நாசிர் அகமது, நடராஜன், கே.ஆர். ராவ் என்ற மூவர் 1974-இல் அமெரிக்காவிலிருந்து வெளியிட்டார்கள். அகமது பெங்களூரில் பிறந்தவர், ராவ் நம் கிண்டி பொறியியற் கல்லூரியில் படித்தவர். இதை ஆராய்வதற்கென்று அகமது 1972-இல் அமெரிக்க அரசின் தேசிய விஞ்ஞான நிறுவனத்திடம் மானியம் கேட்டபோது, விஷயம் மிக எளியது என்று மறுத்துவிட்டார்களாம். அந்த எளிய விஷயத்தின் சந்ததிதான் இன்று உலகத்தின் கல்யாண வீடியோக்களையெல்லாம் சுமக்கிறது.

இனி அட்சதைக்கு வருவோம். கெட்டிமேளம் முழங்கியதும் நூறு கைகளிலிருந்து ஆயிரக்கணக்கான மஞ்சள் அரிசி மணிகள் ஒரே சமயத்தில் புறப்படுகின்றன. இந்தப் படத்தில் இருந்த மணி அடுத்த படத்தில் எங்கே என்று தேடினால், அங்கே வேறொரு மணி இருக்கிறது. ஒரே கட்டத்துக்குள் நான்கு மணிகள் நான்கு திசையில் போகின்றன. அவற்றின் பின்னால் மணப்பெண்ணின் முகம் ஒரு கணம் மறைந்து மறுகணம் தெரிகிறது. சுழி போடுவதற்கு ஒரு வரிகூட அகப்படாமல், ஒவ்வொன்றையும் புதிதாக எழுத வேண்டிய நெருக்கடியில், அளந்து கொடுத்த காகிதம் நொடியில் தீர்ந்துபோக, நம் கணக்கப்பிள்ளை அரிசியையும் முகத்தையும் ஒரே தராசில் வைத்துத் தோராயமாக எழுதிவிட்டு அந்த இடத்தைக் கடந்துவிடுகிறார். மழையும், பொரிந்து சிதறும் மத்தாப்பும், காற்றில் ஆடும் தென்னங்கீற்றும் அவருக்கு இதேபோன்ற பகைகளே.

ஆனால் அட்சதை விழுவது சில வினாடிகள். அதைக் காட்டிலும் பெரிய பகை ஒன்று மண்டபம் முழுவதும் கண்ணில் படாமல் பரவியிருக்கிறது, அது இருட்டு. வெளிச்சம் போதாத இடத்தில் கைபேசி தன் உணர்தகட்டில் விழுந்த சொற்ப ஒளியைப் பன்மடங்காக்கிக் காட்டுவதால், வெறும் சுவரில்கூடக் கொதிக்கும் மணலைப்போலப் பொடிப்புள்ளிகள் துள்ளுகின்றன. நம் கண்ணுக்கு அது சுவர். கணக்கப்பிள்ளைக்கோ இடைவிடாத அட்சதை. சுவரை எழுதியே காகிதத்தைச் செலவழித்தவரிடம் முகத்துக்கு எங்கிருந்து மிஞ்சும்?

இதோடு, குடும்பக் குழுவில் செய்திச் செயலி வழியாக வந்த படத்தையே எடுத்து இணையத்தில் ஏற்றும் வழக்கம் வேறு. அந்தச் செயலி ஏற்கெனவே ஒரு முறை கடுமையாகச் சுருக்கியிருக்கும். இரண்டாவது கணக்கப்பிள்ளை முதலாமவரின் மைக்கறையையும் எண் என்று நினைத்துச் சிரத்தையோடு பெயர்த்தெழுதுவார். ஆகையால் கைபேசியிலுள்ள மூலப் பிரதியையே ஏற்ற வேண்டும். பிறரிடமிருந்து வாங்குவதானால் வீடியோவாக அன்றி டாகுமென்டாக அனுப்பச் சொல்ல வேண்டும்.

1080 அளவுப் படத்தைக் கணினியில் 1440 அல்லது 2160 அளவுக்குப் பெரிதாக்கி ஏற்றினால் தெளிவு கூடும் என்று ஒரு தந்திரம் பிரசித்தமாயிருக்கிறது. அது பலிக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சொல்லப்படும் காரணம்தான் தவறு. பெரிதாக்கியதனால் படத்தில் புதிதாக ஓர் இழைகூடச் சேர்வதில்லை. அந்த அளவுகளுக்கு யூடியூப் காகிதத்தைக் கூடுதலாக அளப்பதும், பொதுவாக எச்.264-ஐவிடச் சாமர்த்தியசாலியான வி.பி.9 போன்ற முறையை அமர்த்துவதுமே காரணம். பார்ப்பவரும் அந்தப் பெரிய அளவைத் தேர்ந்தெடுத்தால்தான் பலன்.

செயற்கை அறிவு மெருகைப் பற்றி ஒரு வார்த்தை. கழித்த தரங்கள் எங்கும் ஒளித்து வைக்கப்படவில்லை, போனது போனதுதான். மென்பொருள் தான் பார்த்துப் பழகிய லட்சக்கணக்கான முகங்களைக் கொண்டு, இங்கே ஒரு புருவம் இருந்திருக்கலாம் என்று ஊகித்து வரைகிறது. வரைந்த முகம் அழகாகவே இருக்கும். அது வாசகரின் தங்கையுடையதா என்பது வேறு கேள்வி.

எழுதியதைச் சோதிக்காமல் அச்சுக்கு அனுப்பக் கூச்சமாயிருந்ததால், என் பேரனை அழைத்து, இரவில் கூடத்துக் குழல்விளக்கின் கீழ் ஒரு பிடி அரிசியைத் தூவச் சொல்லிப் பிடித்தேன்; மறுநாள் காலை பத்து மணிக்கு, ஜன்னல் வெயில் விழும் அதே இடத்தில் இன்னொரு பிடி. இரண்டையும் ஏற்றி, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இரவுப் படத்தில் சுவர் கொதித்தது, அரிசி மஞ்சள் புகையாயிற்று, பையனுக்கு மூக்கில்லை. பகற்படத்தில் சுவர் சுவராகவே நின்றது. ஒரே படத்தில் முப்பத்தேழு மணிகளைத் தனித்தனியே எண்ண முடிந்தது. அவற்றினூடே பையன், அரிசியை வீணாக்கியதற்காகப் பாட்டி வருகிறாளா என்று சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது தெளிவாகத் தெரிந்தது.