கரிசல் விளைச்சலை இணையத்தில் விற்கலாம்: பணம் பத்திரமாக வந்து சேர என்ன செய்ய வேண்டும்?

விருதுநகர் மாவட்டத்தில் எம்.ரெட்டியபட்டி, பரளச்சி, பந்தல்குடி என அருப்புக்கோட்டை, திருச்சுழி பகுதி ஊர்கள் பெரும்பாலும் வானம் பார்த்த கரிசல் பூமி. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து தை, மாசியில் அறுவடை செய்யும் ஒரு போக சாகுபடிதான் இங்கு வழக்கம். குதிரைவாலி, கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, மல்லி, சம்பா வத்தல் எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் களத்துக்கு வருகின்றன. அந்த நேரத்தில் கமிஷன் கடையில் சொல்லும் விலைக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் மதுரையிலும் சென்னையிலும் குதிரைவாலி அரிசி வாங்குபவர் தை மாதம் மட்டும் வாங்குவதில்லை; ஆண்டு முழுவதும் வாங்குகிறார். அதனால் பல உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் தானியத்தை உமி நீக்கி, பொட்டலம் போட்டு, சொந்த இணையக் கடையில் விற்க முன்வருகின்றன. பொருளின் தரம், பொட்டலம், லேபிள் பற்றிப் பயிற்சிகளில் நிறையப் பேசுகிறோம். வாடிக்கையாளர் பணம் செலுத்தும் கடைசிக் கட்டத்தைப் பற்றிப் பேசுவது குறைவு. விற்பனை முறிவதும், கணக்கு குழம்புவதும், மோசடி நுழைவதும் அந்த இடத்தில்தான்.

ஸ்கிரீன்ஷாட் போதாது

இப்போது பலர் பின்பற்றும் முறை எளிமையானது. வாட்ஸ்அப்பில் ஆர்டர் வரும். இயக்குநர் ஒருவரின் செல்போன் எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்வார்கள். வாங்குபவர் பணம் அனுப்பி ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார். அதைப் பார்த்துப் பார்சல் கட்டுவார்கள்.

இதில் மூன்று சிக்கல்கள் உள்ளன. முதலாவது, ஸ்கிரீன்ஷாட்டைப் போலியாகத் தயாரிப்பது மிக எளிது. இரண்டாவது, நிறுவனத்தின் பணம் தனிநபர் கணக்கில் விழுகிறது; தணிக்கையின்போதும் உறுப்பினர் கூட்டத்திலும் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டி வரும். மூன்றாவது, அந்த இயக்குநர் வெளியூர் போனாலோ பொறுப்பிலிருந்து விலகினாலோ எந்தப் பணம் எந்த ஆர்டருக்கு வந்தது என்று யாருக்கும் தெரியாது. நாளைக்கு நான்கு ஆர்டர் வரும்போது சமாளிக்கலாம். நாற்பது வந்தால் முடியாது.

பேமென்ட் கேட்வே என்ன செய்கிறது?

கடையின் பக்கத்தில் வாடிக்கையாளர் ‘பணம் செலுத்து’ என்பதை அழுத்தியதும், அந்த வேண்டுகோளை வங்கிகளுக்கு எடுத்துச் செல்வது பேமென்ட் கேட்வே. வாடிக்கையாளர் யுபிஐ பின் எண்ணையோ, கார்டு என்றால் ஓடிபியையோ கொடுத்து ஒப்புதல் தருகிறார். அவருடைய வங்கி பணத்தைப் பிடித்துக்கொண்டு ‘சரி’ என்று பதில் சொல்கிறது. அந்தப் பதில் நம் கடைக்குத் திரும்பி வந்து, ஆர்டர் ‘பணம் பெறப்பட்டது’ என்று மாறுகிறது. இவ்வளவும் சில நொடிகளில் முடிகிறது.

ஆனால் அந்த நொடியில் பணம் நம் கணக்குக்கு வந்துவிடுவதில்லை. இடையில் உள்ள நிறுவனம் அதை வங்கியில் தனியான எஸ்க்ரோ கணக்கில் வைத்து, பொதுவாக அடுத்த 2 வேலை நாட்களில் நமக்கு அனுப்பும். இதற்கு செட்டில்மென்ட் என்று பெயர். இத்தகைய நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2020 மார்ச் மாதம் விதிமுறைகளை வெளியிட்டது. ரேசர்பே, கேஷ்ஃப்ரீ, பேயு, சிசிஅவென்யூ போன்றவை இந்தியாவில் புழக்கத்தில் உள்ளவை. எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தாலும், அனுமதி பெற்றவை என்று ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் வெளியிடும் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

எந்த அளவுக்கு எது போதும்?

உள்ளூரில் கடை அல்லது சந்தையில் விற்பவர்களுக்கு, நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் எடுத்த வணிகர் கியூஆர் அட்டை போதும்.

வாட்ஸ்அப் வழியாக நாளைக்குச் சில ஆர்டர்கள் மட்டும் வருகிறவர்கள் பேமென்ட் லிங்க் முறையைப் பயன்படுத்தலாம். இதற்கு இணையதளம் தேவையில்லை. தொகையையும் வாங்குபவரின் செல்போன் எண்ணையும் பதிவு செய்தால் ஒரு லிங்க் உருவாகும். அதை அனுப்பினால் அவர் அதிலேயே செலுத்திவிடுவார். எந்தப் பணம் யாருடையது என்பது தானாகவே பதிவாகும்.

பல பொருட்களும், வெளி மாவட்ட வாடிக்கையாளர்களும், தினசரி ஆர்டரும் உள்ள நிறுவனங்கள் மட்டும் இணையக் கடையோடு கேட்வேயை இணைக்கலாம். தொடக்கத்தில் லிங்க் முறையில் ஒரு பருவம் பழகிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவது நல்லது.

தேவைப்படும் ஆவணங்கள்

நிறுவனப் பதிவுச் சான்று, நிறுவனத்தின் பான் கார்டு, நிறுவனத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு, ரத்து செய்யப்பட்ட காசோலை, இயக்குநர்களின் அடையாள ஆவணங்கள், கணக்கை இயக்க யாருக்கு அதிகாரம் என்ற இயக்குநர் குழுத் தீர்மானம் ஆகியவற்றைக் கேட்பார்கள். உணவுப் பொருள் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணும் தேவைப்படும். ஜிஎஸ்டி பதிவு உங்களுக்குப் பொருந்துமா என்பதைத் தணிக்கையாளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். உழவர் தன் விளைபொருளை விற்பதும், நிறுவனம் அதை வாங்கிப் பொட்டலம் போட்டு விற்பதும் வரிச் சட்டத்தில் ஒன்றல்ல.

நிறுவனத்தின் முகவரி, தொடர்பு எண், விலை, அனுப்பும் முறை, பணம் திருப்பித் தரும் விதி ஆகியவை இணையக் கடையில் தெளிவாக இருக்க வேண்டும். இவை இல்லாவிட்டால் கேட்வே நிறுவனம் விண்ணப்பத்தை நிறுத்தி வைக்கும். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளும் இவற்றை எதிர்பார்க்கின்றன. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும்.

கட்டணத்தை விலையில் சேருங்கள்

யுபிஐ மற்றும் ரூபே டெபிட் கார்டு பரிமாற்றங்களுக்கு 2020 ஜனவரி 1 முதல் எம்டிஆர் எனப்படும் வணிகர் கட்டணம் இல்லை. ஆனாலும் கேட்வே நிறுவனம் தன் சேவைக்கென்று தனியாகக் கட்டணம் வாங்கக்கூடும். ஒப்பந்தம் போடும் முன் யுபிஐக்கு எவ்வளவு, டெபிட் கார்டுக்கு எவ்வளவு, கிரெடிட் கார்டுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பரவலாகக் காணப்படும் கட்டணம் 2 சதவீதம். அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று வைத்துக்கொள்வோம். ரூ.500 ஆர்டருக்குக் கட்டணம் ரூ.10, வரி ரூ.1.80. கைக்கு வருவது ரூ.488.20. ஏறக்குறைய ரூ.500 கைக்கு வர வேண்டுமானால் விலையை ரூ.512 என்று வைக்க வேண்டும். பன்னிரண்டு ரூபாய்தானே என்று விட்டுவிடக் கூடாது. உமி நீக்கும் கூலி, பொட்டலம், கூரியர் எல்லாம் போக ஒரு பொட்டலத்தில் நிற்பது 40 ரூபாய் என்றால், அதில் கால் பங்குக்கு மேல் இந்த ஒரு செலவிலேயே போய்விடும்.

கூரியர் கட்டணத்தைக் கடைசிப் பக்கத்தில் திடீரென்று காட்டினால் வாங்க வந்தவர் விலகிவிடுவார். எடைக்கு ஏற்ற கட்டணத்தைப் பொருளின் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பணம் செலுத்தும் பக்கத்தில் யுபிஐ முதலில் தெரியட்டும். கணக்குத் தொடங்கினால்தான் வாங்கலாம் என்ற கட்டாயம் வேண்டாம். பெயர், முகவரி, செல்போன் எண் போதும்.

பொருள் கைக்குப் போனபின் பணம் வாங்கும் முறையைத் தொடக்கத்திலேயே திறந்துவிட வேண்டாம். வாங்குபவர் மறுத்துவிட்டால் போக, வர இரண்டு பக்கக் கூரியர் செலவும் நம் தலையில் விழும். பொட்டலமும் பல நாட்கள் வெயிலிலும் ஈரத்திலும் கிடந்து திரும்பும். உமி நீக்கிய சிறுதானிய அரிசிக்கு அது நல்லதல்ல.

பணம் போயிற்று, ஆர்டர் வரவில்லை

வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்தும் கடைக்கு உறுதி வராமல் போவதுண்டு. அவருடைய சிக்னல் போனாலும், பக்கத்தை இடையில் மூடினாலும் இது நடக்கும். இதைத் தவிர்க்க, கேட்வே நேரடியாக நம் கடையின் சர்வருக்கு அனுப்பும் வெப்ஹூக் தகவலைக் கொண்டே ஆர்டரை உறுதி செய்யும்படி இணையதளம் அமைப்பவரிடம் சொல்லுங்கள். வாடிக்கையாளரின் திரையில் தோன்றும் ‘வெற்றி’ என்ற பக்கத்தை மட்டும் நம்பி ஆர்டரை உறுதி செய்யக் கூடாது. கடையைத் திறக்கும் முன் சோதனை முறையில் வெற்றி, தோல்வி, பாதியில் நிறுத்துதல் என மூன்றையும் செய்து பாருங்கள்.

அப்படியும் பணம் சிக்கிக்கொண்டால் பதற்றம் வேண்டாம். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, இணைய விற்பனையில் கணக்கில் கழிந்தும் விற்பவருக்கு உறுதி வராத தொகையை 5 நாட்களுக்குள் திருப்பி வரவு வைக்க வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு உண்டு. இதை வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொன்னாலே பாதிக் கோபம் தணிந்துவிடும். உறுதி வராமல் சரக்கை அனுப்பாதீர்கள். ‘இன்னொரு முறை செலுத்துங்கள்’ என்று அவசரப்படுத்தவும் வேண்டாம்.

தினமும் மூன்று கணக்கு

ஆர்டர் பட்டியல், கேட்வேயின் செட்டில்மென்ட் அறிக்கை, வங்கிப் பாஸ்புக் ஆகிய மூன்றையும் தினமும் ஒப்பிட வேண்டும். ஓர் உதாரணம்: ஒரு நாளில் 8 ஆர்டர்கள், மொத்தம் ரூ.4,200. இதில் யுபிஐ ரூ.2,400, கார்டு ரூ.1,800. யுபிஐக்குக் கட்டணம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். கார்டுக்கு 2 சதவீதம் ரூ.36, அதன் மேல் வரி ரூ.6.48 பிடிக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். முந்தைய ஆர்டர் ஒன்றுக்கு ரூ.450 திருப்பித் தந்திருந்தால் அதையும் இதிலேயே கழிப்பார்கள். வங்கிக்கு வருவது ரூ.3,707.52.

அறிக்கையைப் பார்க்காதவர் கண்ணுக்கு ரூ.492.48 காணாமல் போனதாகத் தெரியும். உறுப்பினர் கூட்டத்தில் சந்தேகம் முளைப்பது இப்படித்தான். ஒவ்வொரு வரவுக்கும் வங்கி தரும் யுடிஆர் எண்ணைக் குறித்து வைத்தால் இந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. விளைபொருள் தந்த உறுப்பினருக்கு எந்தத் தேதியில் பணம் தருவோம் என்று சொல்லும்போதும் செட்டில்மென்ட் நாட்களையும் வங்கி விடுமுறையையும் கணக்கில் எடுங்கள்.

இருப்பைத் தாண்டி விற்காதீர்கள்

நமக்கு ஒரு போகம்தான். மார்கழியில் பழைய சரக்கு தீரும் நேரத்தில் இணையக் கடையில் இருப்பைக் குறைக்காமல் விட்டால், இல்லாத பொருளுக்குப் பணம் வந்துவிடும். திருப்பித் தரும்போது பெரும்பாலான நிறுவனங்கள் தாங்கள் எடுத்த கட்டணத்தைத் தருவதில்லை. ஆகவே பண நஷ்டத்தோடு நம்பிக்கையும் போகிறது. வாரம் ஒருமுறை கிடங்கு இருப்பையும் கடை இருப்பையும் சரிபாருங்கள். ஒவ்வொரு ஆர்டரிலும் பொட்டலத்தின் தொகுதி எண்ணைப் பதியுங்கள். வண்டு விழுந்தது என்று ஒரு புகார் வந்தால், அதே தொகுதி வேறு யாருக்குப் போனது என்று உடனே தெரியும்.

கார்டில் செலுத்தியவர் பொருள் வரவில்லை என்று தன் வங்கியில் புகார் செய்தால் அதற்கு சார்ஜ்பேக் என்று பெயர். குறிப்பிட்ட நாட்களுக்குள் பில்லும் கூரியர் ஒப்படைப்புச் சான்றும் தராவிட்டால் பணம் அவருக்கே திரும்பும். கூரியர் ரசீதுகளை ஆர்டர் எண்ணோடு படம் எடுத்துச் சேமித்து வையுங்கள்.

சாவி நிறுவனத்திடம் இருக்கட்டும்

கேட்வே கணக்கின் மின்னஞ்சலும் செல்போன் எண்ணும் நிறுவனத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். மத்திய அரசு 2020இல் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில், நிர்வாகச் செலவுக்கான உதவி 3 ஆண்டுகளுக்கு ரூ.18 லட்சம் வரைதான். அதன்பின் தலைமைச் செயல் அலுவலர் வேறு வேலைக்குப் போகக்கூடும். இணையதளம் அமைத்துக் கொடுத்த இளைஞரும் போகக்கூடும். கடவுச்சொல்லும் ரகசிய ஏபிஐ சாவியும் அவர்களோடு போய்விட்டால் கடையே நின்றுவிடும். ஆள் மாறும் அன்றே இரண்டையும் மாற்றுங்கள். கணக்கைப் பார்க்கும் அனுமதியை இரண்டு இயக்குநர்களுக்குக் கொடுங்கள். பணம் திருப்பித் தரும் அனுமதி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

மொத்தமாக வத்தல் வேண்டும் என்று ராணுவ அதிகாரி பெயரிலோ பெரிய விடுதி பெயரிலோ பேசி, ‘முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்து பின் எண் போடுங்கள்’ என்று சொன்னால் அது மோசடி. பணம் பெறுவதற்கு பின் எண் ஒருபோதும் தேவையில்லை. பணம் கொடுக்கத்தான் தேவை. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். வங்கியிடம் எழுதிக் கொடுத்து 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448.

சிறுதானியங்களில் ரகத் தேர்வு, மதிப்புக்கூட்டல் தொடர்பான ஆலோசனைக்கு அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக மண்டல ஆராய்ச்சி நிலையத்தையும் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். இணைய விற்பனையைப் பொறுத்தவரை, வரும் அறுவடைக்கு முன்பே வங்கிக் கணக்கு, ஆவணங்கள், சோதனை ஆர்டர் ஆகியவற்றை முடித்து வையுங்கள். களத்தில் தானியம் குவிந்த பிறகு இதற்கெல்லாம் நேரம் இருக்காது.

- கட்டுரையாளர், உழவியல் துறை விஞ்ஞானி