டுயோங்கும் ஆவுளியாவும்

பீடோரின் ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்குக் கடல் என்பது, பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய கதைகளில் வரும் கரைகாணா ஜலப்பரப்பாக நிலைத்ததேயன்றி, ஜீவராசிகளின் வாசஸ்தலமாக மனத்தில் பதிந்ததில்லை. அக்குறையைத் தீர்க்கும் இடம் ஒன்று, இராமேசுவரம் செல்லும் வழியில், மண்டபம் முகாமில் உண்டு. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரைத் தொற்றுநோய்ச் சோதனைக்காக நிறுத்திவைத்த அவ்விடத்தில், 1947-இல் தோன்றிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் காட்சிச்சாலை இன்று இருக்கிறது.

சங்கு, முத்துச்சிப்பி, கடற்குதிரை என அங்கே காண்பன பலவாயினும், என்னை நெடுநேரம் நிறுத்தியது கடற்பசுதான். அக்கரை மீனவர் இதனை ஆவுளியா என்பர். நம் மலாய்க்காரர் டுயோங் என்பர். அதனையொத்த டுகோங் என்னும் பெயரே விஞ்ஞான நூல்களில் ஏறியது. துடுப்பெனத் தோன்றும் அதன் முன்னுறுப்பினுள் முழங்கையும் மணிக்கட்டும் ஐந்து விரல்களும் நம் கையில் உள்ளவாறே அமைந்திருக்கின்றன. கனத்து இறுகிய விலாவெலும்புகளோ, வலையின் அடியில் கட்டிய ஈயக்குண்டுகளைப் போல, மேயும் உடலைத் தரையோடு தாழ்த்தி வைக்க உதவுகின்றன.

மண்டபத்தில் 1959 முதல் ஆணும் பெண்ணுமாக இரு கடற்பசுக்கள் ஏறத்தாழப் பத்தாண்டுகள் உயிருடன் பராமரிக்கப்பட்டன. அவற்றின் ஆகாரம் கடற்புல். பாசியைப் போலன்றி, வேரூன்றிப் பூத்துக் காய்க்கும் மெய்யான தாவரம் அது. ஆழமற்ற, தெளிந்த நீரில் வெயில் பட்டு வளர்வது. இழுவை மடி அடித்தரையைச் சுரண்டும்போதும், சேறு கலந்து நீர் கலங்கும்போதும் அப்புல்வெளி அழிகிறது. ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே கன்றை ஈன்று, அடுத்த கன்றுக்குப் பல ஆண்டுகள் காத்திருக்கும் இப்பிராணியின் குலம், ஒருமுறை குறைந்தால் மீண்டும் பெருகுதல் அரிது. ஆதலால்தான் தமிழ்நாட்டரசு 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுரக் கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. ஜொகூர், சபா கடல்களிலும் டுயோங் இன்னும் வாழ்கிறது.

ரப்பர் நிரைகளுக்கிடையே மாடு மேய்த்து வளர்ந்த நமக்கு மேய்ச்சல் நிலத்தின் அருமையை எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை. தோட்டம் கைமாறியபோது நம் மாடுகளை வேறிடத்துக்கு ஓட்டிச் சென்றோம். கடற்பசுவை ஓட்டிச் செல்ல வேறு புல்வெளி இல்லை.